பாலிக்குப் போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர்

பாலிக்குப் போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் ஊர்ப் பெயர்கள் மாறவே மாறாது. உபுத், குத்தா, உலுவாத்து, தானா லோட், நூசா பெனிடா. டென்பசார் என்ற பெயர் போர்டிங் பாஸில் மட்டும்தான் இருக்கும். அந்த விமான நிலையமும் நகர எல்லைக்குள் இல்லை, பக்கத்து பாதுங் மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, தீவின் தலைநகரத்தில் காலே வைக்காமல் பாலியைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறோம்.

உள்ளூர்க்காரர்களும் ஊக்கம் கொடுக்க மாட்டார்கள். "டென்பசாரில் என்ன இருக்கிறது, டிராஃபிக்தான் இருக்கிறது" என்றார் எங்களை அழைத்துப்போன டாக்சிக்காரர். விசாரித்தால், அவர் பிறந்து வளர்ந்ததே டென்பசாரின் செசெத்தான் பகுதியில். சொந்த ஊரைப் பற்றி யாரும் இப்படித்தான் பேசுவார்கள், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் டென்பசாரைப் பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பாலி என்றாலே ஒரே கதைதான்: ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்து மதம் அப்படியே உறைந்துபோய் இருக்கும் தீவு. உபுத்தின் வயல்வெளியில் உட்கார்ந்திருந்தால் அது உண்மைபோலத் தோன்றவும் செய்யும். டென்பசாரில் அரை நாள் நடந்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும். இங்கே பார்க்க வேண்டிய பெரிய இடங்கள் பெரும்பாலும் கடந்த நூறு ஆண்டுகளுக்குள் எழுந்தவை. அரசும் அரண்மனையும் ஒரே நாளில் அழிந்துபோன பிறகு, அடுத்து என்ன செய்வது என்று ஒரு சமூகம் உட்கார்ந்து யோசித்துக் கட்டிய ஊர் இது. எனக்கு அதுதான் பழமையைவிட சுவாரசியமாக இருந்தது.

அந்த ஒரு நாள் 1906 செப்டம்பர் 20. ஊரின் நடுவில் இருக்கும் புபுத்தான் திடலில் இருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் போனால் அது சாதாரண மைதானம். கிழவர்கள் கைகளை வீசி நடக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், ஓரத்தில் ஆலமர நிழலில் ஒருவர் பலூன் விற்கிறார். ஒரு பக்கம் வெண்கலச் சிலை: ஓர் ஆண், ஒரு பெண், குழந்தைகள், கைகளில் கிரிஸ் என்னும் வளைவு வளைவான குத்துவாள். போர்வீரர் சிலையில் குழந்தைக்கு என்ன வேலை என்று கேட்டால் கதை ஆரம்பிக்கிறது.

1904-இல் ஒரு சீன வணிகரின் சரக்குக் கப்பல் சனூர் கடற்கரையில் பாறையில் மோதி உடைந்தது. பெயர் ஸ்ரீ கொமலா. கரை ஒதுங்கிய கப்பல் அந்தக் கரையின் அரசருக்கே சொந்தம் என்பது பாலியின் பழைய வழக்கம். கப்பல் டச்சுக் கொடியின் கீழ் ஓடியது என்பதால், கொள்ளை நடந்துவிட்டது, இழப்பீடு கொடு என்று டச்சு அரசு கேட்டது. டென்பசாரை ஆண்ட பாதுங் அரசர் மறுத்தார். தீவின் வடக்குப் பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பிடித்துவிட்ட டச்சுக்காரர்களுக்குத் தெற்கையும் விழுங்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. 1906 செப்டம்பர் நடுவில் சனூரில் படை இறங்கியது.

டென்பசார் அரண்மனையை நோக்கிப் படை வந்தபோது வாசல் திறந்தது. அரசர் பல்லக்கில். பின்னால் வெள்ளை உடுத்த அரச குடும்பம், பூசாரிகள், பெண்கள், பிள்ளைகள், ஏவலாட்கள். அரசர் இறங்கி, தன்னைக் குத்தும்படி பூசாரிக்குச் சைகை காட்டினார். அவர் சாய்ந்ததும் மற்றவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள், சிலர் டச்சுத் துப்பாக்கிகளை நோக்கி ஓடினார்கள். பெண்கள் தங்கக் காசுகளையும் நகைகளையும் சிப்பாய்களின் மீது வீசி எறிந்தார்கள் என்று விவரங்கள் சொல்கின்றன. அன்று பிற்பகல் பெமெச்சுத்தான் அரண்மனையிலும் இதேதான் நடந்தது. சரணடையாமல் கடைசி ஆள்வரை முடிந்துபோவது, இதுதான் புபுத்தான். இறந்தவர்கள் தொகை கணக்குக்குக் கணக்கு மாறும், ஆயிரத்தை ஒட்டியது என்பது பலரும் சொல்வது. இரண்டு ஆண்டு கழித்து 1908-இல் குளுங்குங் அரண்மனையிலும் இது மறுபடி நடந்தது, அத்தோடு பாலி முழுவதும் டச்சுக்காரர் கையில்.

சிதைந்த அரண்மனையிலிருந்து அள்ளிய ஆயுதங்களும் நகைகளும் துணிகளும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) நெதர்லாந்துக்கும் போயின. 2024 செப்டம்பரில் நெதர்லாந்து 288 பொருட்களை இந்தோனேசியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் பெரும்பகுதி இந்த 1906 படையெடுப்பின்போது பாதுங்கிலும் பக்கத்து அரசான தபனானிலும் எடுக்கப்பட்டவை. நூற்றுப் பதினெட்டு ஆண்டு ஆகியிருக்கிறது. திடலில் நின்று இதை நினைத்துப் பார்த்தபோது, சோழர் செப்பேடு போய்ச்சேர்ந்த லெய்டன் ஊர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

திடலின் வடக்கே, அரண்மனை இருந்த இடத்தில், இப்போது ஆளுநர் மாளிகை. மூலையில் நாற்சந்தி நடுவே 1973-இல் வைத்த நான்முகன் சிலை, சதுர் முகா. நான்கு சாலைகளையும் நான்கு முகங்கள் பார்க்கின்றன. அதில் மேற்கே போகும் சாலைக்கு காஜா மடா என்று பெயர். காஜா மடா ஜாவாவின் மஜபாஹித் பேரரசின் அமைச்சர், 1343-இல் பாலியைப் போரில் வென்றவர். தோற்றவர்கள் தங்கள் தலைநகரத்தின் முக்கியத் தெருவுக்கு வென்றவர் பெயரை வைத்திருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பாலியின் அரச குடும்பங்கள் தங்களை மஜபாஹித் வழிவந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. யார் வென்றார், யார் தோற்றார் என்பதெல்லாம் ஐந்தாறு நூற்றாண்டில் குழம்பிப்போய்விடும்போல.

அந்த மஜபாஹித் தொடர்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சுதோமோ சாலையில் இருக்கும் மாவோஸ்பாஹித் கோவிலுக்குப் போகலாம். பாலியில் வழக்கமான சாம்பல் நிறக் கல் வேலை இங்கே குறைவு, சிவப்புச் செங்கல்தான். 1917 நிலநடுக்கத்தில் இடிந்து பிறகு எடுத்துக் கட்டியது. சந்து வழியாகப் போக வேண்டும், ஆள் இருந்தால் கதவு திறக்கும். அவசரமாக இருந்தால் விட்டுவிடலாம்.

விடக்கூடாதது திடலின் கிழக்குப் பக்கத்து பாலி அருங்காட்சியகம். 1910-இல், அதாவது அரண்மனை எரிந்த நான்காம் ஆண்டிலேயே, ஒரு டச்சு அதிகாரி இதற்கு அடி போட்டார். வெற்றி பெற்றவர்களே பொருட்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள் என்பதில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது. பயணிகளும் கலைப்பொருள் வியாபாரிகளும் தீவைக் காலி செய்துவிடுவார்கள் என்ற கவலையும் இருந்தது, அதுவும் நியாயமானதே. 1917 நிலநடுக்கம் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, கடைசியில் 1932-இல்தான் திறந்தார்கள். கர்ட் கிருண்ட்லர் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞரோடு உள்ளூர் ஸ்தபதிகளும் சேர்ந்து கட்டியது. தபனான், காராங்காசெம், புலேலெங் என்று மூன்று பழைய அரசுகளின் பெயரில், அந்தந்த ஊர்க் கட்டடப் பாணியில் மூன்று மண்டபங்கள். நடுவே பிளந்த கோபுர வாசல்கள், முரசு தொங்கும் மேடை, புல்வெளி. இல்லாமல்போன அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது.

உள்ளே விளக்கு மங்கல், பெயர்ப்பலகைகள் சுமார். பொருட்கள் அருமை. துணிகள் இருக்கும் கூடத்தில் கிரிங்சிங்கைத் தேடிப் பாருங்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயம் ஏற்றி, நெய்யும்போது இரண்டும் ஒரே வடிவத்தில் கூடும்படி செய்கிறார்கள். கிழக்கு பாலியில் தெங்கானான் என்ற ஒரே கிராமத்தில்தான் இந்த வேலை நடக்கிறது. உலகில் இந்த முறை வேரூன்றிய இடங்கள் மிகக் குறைவு, குஜராத்தின் பாடோலா அதில் ஒன்று. பாடோலாப் பட்டு ஒரு காலத்தில் இந்தோனேசியத் தீவுகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு. நம் வீட்டுப் பெண்கள் யாராவது கூட வந்தால் இந்தக் கூடத்தில் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள். என் மனைவி தறிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் மற்ற கூடங்கள் இரண்டையும் முடித்துவிட்டேன்.

அருங்காட்சியகத்துக்கு ஒட்டினாற்போலவே ஜகத்நாதா கோவில். வேட்டி மாதிரி ஒரு துணியும் இடுப்பில் கட்ட ஒரு பட்டையும் கட்டாமல் உள்ளே விட மாட்டார்கள், வாசலில் கிடைக்கும். மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் வரவேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், இது பாலி முழுவதும் உள்ள விதி.

நம்மவர்கள் இந்தக் கோவிலில் முதலில் திகைத்துப்போவார்கள். கருவறை கிடையாது. மூர்த்தி கிடையாது. வெண்மையான பவளக்கல்லில் உயரமாக எழும்பும் ஓர் ஆசனம், அவ்வளவுதான். அடியில் ஆமை, அதைச் சுற்றி இரண்டு நாகங்கள், அதன்மேல் உலகங்கள் அடுக்கடுக்காக ஏறி, உச்சியில் காலி இருக்கை. இருக்கையின் முதுகில் பொன்னிறத்தில் ஒரு சின்ன உருவம், அசிந்த்யன், நினைப்புக்கு எட்டாதவன். பத்மாசனம் என்று இந்த அமைப்புக்குப் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தா என்ற சிவாச்சாரியார் இதைப் பரப்பினார் என்பது மரபு.

ஆசனம் பழைய வடிவம், கோவிலோ புதியது. 1968-இல் குடமுழுக்குப் போல ஒரு பெருவிழாவோடு திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது முக்கியம். புதிதாக விடுதலையான இந்தோனேசியா, ஒரே கடவுள் நம்பிக்கையைத் தன் ஐந்து கொள்கைகளில் முதலாவதாக வைத்தது. மதம் என்று அரசு ஏற்க வேண்டுமானால் ஒரு கடவுள் வேண்டும், ஒரு வேதநூல் வேண்டும். ஊருக்கு மூன்று கோவில், வயலுக்கு ஒரு தெய்வம், ஆற்றுக்கு ஒரு தெய்வம், வீட்டுக்கு வீடு முன்னோர் சன்னதி என்று வாழ்ந்துகொண்டிருந்த பாலிக்காரர்கள் இந்தப் படிவத்தை எப்படி நிரப்புவார்கள்? அரசின் கண்ணில் அவர்கள் இன்னும் மதம் இல்லாத பழங்குடிகள். படித்தவர்களும் பூசாரிகளும் கூடிக்கூடிப் பேசினார்கள், ஜகார்த்தாவுக்கு மனு எழுதினார்கள். எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே சங் ஹ்யாங் விதி வாசா என்ற ஒருவனை முன்னிறுத்தினார்கள். 1959-இல் டென்பசாரில் பரிசாடா என்ற சமயப் பேரவை உருவானது. அந்த ஒருவனுக்கான பொதுக்கோவில்தான் ஜகத்நாதா. எந்தக் குலத்துக்கும் எந்தக் கிராமத்துக்கும் சொந்தமில்லாத கோவில் என்பது அப்போது பாலியில் புதுச் சரக்கு. ஊர்விட்டு வந்து டென்பசாரில் வேலை பார்ப்பவர்கள், மாணவர்கள், அரசு ஊழியர்கள் எல்லாரும் கும்பிட ஓரிடம் தேவைப்பட்டது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் காயத்ரி மந்திரம் வரும். கேட்டதும் நமக்குப் புல்லரிக்கும். "பார்த்தீர்களா, எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழக்கம்" என்று பக்கத்தில் ஒரு வடஇந்தியப் பயணி தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று ஒலிக்கும் இந்த திரிசந்தியா வழிபாட்டுப் பாடம் 1950களில் வகுக்கப்பட்டது. அதில் நரேந்திர தேவ் பண்டிட் சாஸ்திரி என்ற இந்தியருக்குப் பங்கு உண்டு. மந்திரம் பழையதுதான். அதைப் பள்ளிப் பிள்ளை முதல் எல்லாரும் சொல்வது என்ற ஏற்பாடு நம் தாத்தா காலத்தது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது, ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை. சாதி, ஊர், தீட்டு எல்லாவற்றையும் தாண்டி எல்லாருக்கும் ஒரு வழிபாடு வேண்டும் என்று உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள், மெச்ச வேண்டிய விஷயம்தானே.

முழுநிலவு அன்றோ அமாவாசை அன்றோ மாலையில் போனால் கோவில் நிரம்பி வழியும். வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, பெண்கள் கெபாயா என்னும் லேஸ் சட்டையில். பூவை விரல் நுனியில் பிடித்து நெற்றிக்கு மேலே கூப்பிக் கும்பிடுகிறார்கள், பூசாரி தீர்த்தம் தெளித்து, ஈர அரிசியைக் கொடுக்கிறார், அதை நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கும்பிடுபவர்களுக்கு முன்னால் போய் நின்று செல்ஃபி எடுக்காமல் இருந்தால் சரி.

இந்தப் பூக்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க பாதுங் சந்தைக்குப் போக வேண்டும். காஜா மடா சாலையிலேயே நடந்தால் ஆற்றங்கரையில் வரும். இரவு பகல் மூடாத சந்தை. பழைய கட்டடம் 2016 பிப்ரவரி 29 அன்று தீப்பிடித்து எரிந்துபோனது, இப்போது இருப்பது 2019-இல் திறந்த பல மாடிக் கட்டடம். புதுக்கட்டடம் பளிச்சென்று இருக்கிறது, எஸ்கலேட்டர்கூட இருக்கிறது. ஆனால் உயிர் எல்லாம் வெளியே தரையில் பரப்பியிருக்கும் கடைகளில்தான், விடிவதற்கு முன்னால் போனால் தெரியும். தலையில் சும்மாட்டின் மேல் பெரிய கூடையோடு கூலிப் பெண்கள் நெருக்கத்தில் புகுந்து புகுந்து போவார்கள். வழியில் நின்று படம் எடுக்காதீர்கள், முழங்கையால் ஒரு இடி நிச்சயம்.

சந்தையில் நான் அதிக நேரம் நின்றது சானாங் விற்கும் அம்மாக்கள் பக்கத்தில். சானாங் என்பது தினமும் வீட்டு வாசலிலும் கடைப்படியிலும் மோட்டார் சைக்கிளிலும்கூட வைக்கும் சின்னப் படையல். குருத்தோலையில் முடைந்த உள்ளங்கை அளவுத் தட்டு. அதன் அடியில் முதலில் போகிறது என்ன தெரியுமா? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. மூன்றையும் சின்னதாக மடித்து வைக்கிறார்கள். அதற்குமேல் பூக்கள், திசை பார்த்து: கிழக்கில் வெள்ளை, தெற்கில் சிவப்பு, மேற்கில் மஞ்சள், வடக்கில் நீலம் அல்லது பச்சை. மேலே நறுக்கிய தாழை இன இலை. சில வீடுகளில் ஒரு மிட்டாயோ பிஸ்கட்டோ சிகரெட்டோகூட வைத்துவிடுவார்கள், தெய்வத்துக்கும் கால மாற்றம் உண்டு.

வீட்டுப் பெண்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது முறை. டென்பசாரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதற்கு நேரமில்லை, கட்டுக்கட்டாக வாங்கிப் போகிறார்கள். பாலியில் குருத்தோலை போதவில்லை, கடல் தாண்டி ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து லாரியில் வருகிறது. பாலி இந்துக்களின் அன்றாடப் பூசைக்கு ஜாவா முஸ்லிம்கள் ஓலை வெட்டி அனுப்புகிறார்கள், விற்பவர்களிலும் ஜாவாக்காரர்கள் உண்டு. விசேஷ நாள் நெருங்கினால் விலை ஏறிவிடும். "பூர்ணமாவுக்கு முந்தின நாள் வந்து விலை கேட்டால் எப்படி?" என்று ஓர் அம்மா ஒரு பெண்ணிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கூட வந்த டாக்சிக்காரர் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்.

பசித்தால் அங்கேயே லக்லக் சாப்பிடுங்கள். குழிப்பணியாரச் சட்டி போன்ற மண்சட்டியில் அரிசிமாவு ஊற்றிச் சுட்டு, தேங்காய்த்துருவலும் பனைவெல்லப் பாகும் ஊற்றித் தருவார்கள். மற்றபடி சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான், பன்றி இல்லாத பாலி விருந்து அரிது, கீரைக் கறியில்கூட இறால் விழுது இருக்கும்.

ஆற்றின் மறுகரையில் கும்பசாரி சந்தை, கைவினைப் பொருட்கள். பக்கத்தில் சுலாவெசி தெரு முழுக்கத் துணிக்கடைகள். அரபு வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் பல தலைமுறையாக நடத்தும் கடைகள் இங்கே உண்டு. கோவிலுக்குக் கட்டும் துணி, லேஸ், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி எல்லாம் பயணிகள் தெருக்களைவிட விலை குறைவாகக் கிடைக்கும். பேரம் உண்டு. நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டென்பசாரின் கிழக்குப் பக்கத்தில் தாமான் வெர்தி புதாயா என்ற கலை மையம் இருக்கிறது. 1973-இல் திறந்தது. மூடிய அரங்கத்துக்கு க்ஷீரார்ணவம் என்று பெயர், அதாவது பாற்கடல். திறந்தவெளி அரங்கம் அர்த்த சந்திரா. மந்தர மலையை மத்தாக வைத்துப் பாற்கடலைக் கடைந்த கதையை வைத்தே வளாகத்தை வடிவமைத்திருக்கிறார்கள். கலைதான் அமுதம் என்று கணக்கு. சாதாரண நாளில் போனால் காலியாக, கொஞ்சம் பாழடைந்த தோற்றத்தில் இருக்கும், ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை போக வேண்டும். அப்போது பாலி கலை விழா.

இந்த விழாவை 1979-இல் தொடங்கியவர் அப்போதைய ஆளுநர் இடா பகுஸ் மந்த்ரா. சாந்திநிகேதனில் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு இந்தியாவுக்கான தூதராகவும் இருந்தார். சுற்றுலா பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஹோட்டல் மேடைகளில் சடங்கு நடனங்கள் இருபது நிமிடத்துக்குச் சுருங்கிக்கொண்டிருந்தன. பாலிக்காரர்கள் பாலிக்காரர்களுக்காக ஆடும் மேடை ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம். அது நிறைவேறியது என்றே சொல்வேன். மாவட்டத்துக்கு மாவட்டம் குழுக்கள் வருகின்றன, அனுமதி இலவசம், பார்வையாளர்களில் முக்கால்வாசி உள்ளூர்க் குடும்பங்கள். குழந்தைகள், பாட்டிகள், வறுகடலைப் பொட்டலம், எல்லாம் உண்டு.

அங்கே பார்க்க வேண்டியது கோங் கெப்யார் என்னும் வாத்திய இசை மோதல். ஒரு மாவட்டத்தின் கமெலான் என்னும் வெண்கல வாத்தியக் குழு மேடையின் ஒரு பக்கம், இன்னொரு மாவட்டத்தின் குழு மறுபக்கம். ஒருவர் வாசித்து முடித்ததும் மற்றவர். இருபது முப்பது பேர் ஒரே நொடியில் வெண்கலத் தகடுகளை அறைந்து தொடங்குவார்கள், முன்னறிவிப்பே கிடையாது, நெஞ்சில் வந்து மோதும். கூட்டம் தங்கள் ஊருக்காகக் கத்துகிறது, எதிர்க் குழு தவறு செய்தால் கேலியும் செய்கிறது. பாலி இசை என்றால் ஸ்பாவில் ஒலிக்கும் மெல்லிய மூங்கில் ஓசை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. இந்தப் பாணியே 1915 வாக்கில் வடக்கு பாலியில் பிறந்ததுதான். டச்சு ஆட்சியில் அரண்மனைகள் நொடித்துப்போய், அரண்மனை வாத்தியங்கள் கிராமங்கள் பக்கம் நகர்ந்த காலத்தில் வளர்ந்தது. இங்கேயும் அதே கதைதான்.

ரெனோன் பகுதியில் பஜ்ரா சாந்தி நினைவுச்சின்னம். பூசாரியின் மணி வடிவத்தில் கட்டியது, தூரத்திலிருந்து பழைய கோவில் மாதிரியே தெரியும், 2003-இல் திறந்தது. 17 படிகள், 8 தூண்கள், 45 மீட்டர் உயரம், இந்தோனேசிய விடுதலை நாள் 17-8-1945. வரலாற்றைப் பொம்மைக் காட்சிகளாக 33 கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் பார்க்கலாம். பெரியவர்கள் நேரே சுழல்படி ஏறி உச்சிக்குப் போய்விடுங்கள். ஊர் முழுக்கத் தட்டையாகத் தெரியும், ஏனென்றால் தென்னை மர உயரத்துக்கு மேல், அதாவது 15 மீட்டருக்கு மேல், கட்டடம் எழக்கூடாது என்று விதி. சனூர் பக்கம் மட்டும் ஒரு பத்து மாடி தெரியும். 1966-இல் ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய ஹோட்டல். அதைப் பார்த்துப் பதறித்தான் அந்த விதியே வந்தது.

சனூர் கடற்கரையும் டென்பசார் நகராட்சிக்குள்தான். அங்கே பெல்ஜிய ஓவியர் லெ மேயரின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1932-இல் வந்தவர், நி போல்லோக் என்ற லெகோங் நடனக்காரியை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் கித்தான் கிடைக்காமல் நார்ச் சாக்கில் வரைந்திருக்கிறார், அந்தப் படங்களை மட்டும் பாருங்கள். மற்றவை எல்லாம் மார்பு திறந்த பெண்கள், பூச்செடி, வெயில். பாலியை ஐரோப்பாவுக்கு விற்ற பிம்பம் அது.

எனக்கு சனூரில் பிடித்தது பிளாஞ்சோங் தூண். தெருவோரக் கோவில் ஒன்றின் பக்கத்தில், கண்ணாடிக்குள், இடுப்பில் துணி கட்டி நிற்கிறது. சக ஆண்டு 835, அதாவது கி.பி. 914-இல் கேசரி வர்மதேவன் என்ற அரசன் நிறுத்திய வெற்றித்தூண், தீவின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. இரண்டு மொழி, இரண்டு எழுத்து, ஆனால் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பழைய பாலி மொழி வடக்கத்திய நாகரி எழுத்தில், சமஸ்கிருதம் உள்ளூர் எழுத்தில். அந்த உள்ளூர் எழுத்துக்கு மூலம் நம் பல்லவ எழுத்து, இன்றைய பாலி எழுத்தும் அதே வழிவந்தது. இதைவிடப் பழைய உறவும் உண்டு: பாலியின் வடகரையில் செம்பிரான் என்ற ஊரில் 1980களின் பிற்பகுதியில் தோண்டியபோது, அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற, உருளை அச்சால் வரியிட்ட ரௌலட்டட் பானை ஓடுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வணிகத்தின் மிச்சம். பழமையைத் தேடிப் போகிறவர்கள் இந்தத் தூணின் முன் நின்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், இங்கே ஆதாரம் இருக்கிறது.

கடைசியாக நாள் பார்ப்பது பற்றி. டென்பசாரின் நல்ல காட்சிகள் நாட்காட்டியில்தான் இருக்கின்றன. பாலிக்கு 210 நாள் கொண்ட ஒரு சுற்று உண்டு. அதில் குனிங்கான் பண்டிகை முடிந்த எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கெசிமான் பகுதியில் ங்கெரெபோங் சடங்கு நடக்கும். பாரோங் என்னும் காவல் தெய்வ முகமூடிகள் மண்டபத்தை வலம் வரும்போது ஆணும் பெண்ணும் சாமி வந்து ஆடுவார்கள், கிரிஸை நெஞ்சில் வைத்து அழுத்துவார்கள். நம் ஊர்த் திருவிழா பார்த்தவர்களுக்குப் பயம் இருக்காது, ஆனால் கூட்டத்தில் நசுங்காமல் நிற்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியேபி என்னும் மௌனத் திருநாள் பெரும்பாலும் மார்ச்சில் வரும். அதற்கு முந்தைய மாலை இளைஞர்கள் மாதக்கணக்கில் செய்த ஓகோ-ஓகோ என்னும் பூதப் பொம்மைகளைச் சதுர் முகா நாற்சந்திக்குத் தூக்கிவந்து சுழற்றுவார்கள். மறுநாள் தீவே மௌனம்: விளக்கில்லை, வாகனமில்லை, விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படும், பயணிகளும் ஹோட்டலைவிட்டு வெளியே வரக்கூடாது, ஊர்க்காவலர்கள் சுற்றி வருவார்கள். அதற்கு அடுத்த நாள் செசெத்தானில் இளைஞரும் யுவதிகளும் ஒருவரையொருவர் இழுத்து முத்தமிடும் ஓமெத்-ஓமெத்தான், மேலே வாளி வாளியாகத் தண்ணீர். எங்கள் டாக்சிக்காரர் இளவயதில் அதில் கலந்துகொண்டிருக்கிறாராம். டென்பசாரில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே மனிதர்தான். அந்த நாட்களில் போவதாக இருந்தால் முந்தைய நாளே வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள், நியேபிக்குச் சாப்பாடு உண்டா என்று ஹோட்டலில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.